பழந்தோலும் கொல்லாமையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடியில் பிறந்தோம் என்னும் பெருமை நம் அனைவருக்கும் உண்டு. இரவுணவைத் தவிர்க்கிறோம், நீரை வடிகட்டிப் பருகுகிறோம், நிலத்தடிக் கிழங்குகளை விலக்குகிறோம். இவை நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கங்கள். ஆயினும், நம் வீட்டு வாயிலிலும் அலமாரியிலும் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இருந்துகொண்டு, நாம் செவிமடுக்காத ஒரு வினாவைக் கேட்டுக்கொண்டே இருக்கும் பொருள் ஒன்று உண்டு. அது தோல். அவ்வினாவை எம்மிடம் உரக்கக் கேட்டவன் பதினான்கு வயதுச் சிறுவன். அன்று அவனுக்கு யாம் சொன்ன விடை அரைகுறையானது. அதை நிறைவு செய்ய வேண்டிய கடமை எமக்கு இருப்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இடையஞ்சாவடியில் ஒரு மாலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுவை நோக்கி வருவோர் மரக்காணத்து உப்பளங்களைக் காணாமல் கடக்க இயலாது. பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீரும், வரப்போரம் குவித்த வெண்ணிறக் குவியல்களும், உப்பை வாரும் தொழிலாளரும் கண்ணில் படுவர். அவற்றைக் கடந்து தெற்கே வந்து, கடலை விட்டு மேட்டு நிலத்தில் ஏறினால் செம்மண் பூமி. முந்திரியும் பனையும் சூழ்ந்த இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகருக்கு அண்டையில் உள்ளது. எம் தங்கையின் குடும்பம் அலுவல் காரணமாக அங்கே குடியிருக்கிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு மாலையில் யாம் அங்குச் சென்றபோது வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் ஊரை விட்டுச் செல்லும்போது, தம்மிடம் இருந்த பழைய விளையாட்டுக் கருவிகளை எம் மருமகனிடம் கொடுத்துச் சென்றிருந்தார். வார் கோத்து முடிந்த பழங்காலக் கால்பந்து ஒன்று. குத்துச்சண்டைக் கையுறை ஓர் இணை. விக்கெட் காப்பாளர் அணியும் கையுறை ஓர் இணை. தையல் பிரியத் தொடங்கிய சிவப்புக் கிரிக்கெட் பந்துகள் இரண்டு. அனைத்தும் தோலால் ஆனவை. கடற்காற்றில் விறைத்து, மடிப்புகளில் வெடித்து, ஆங்காங்கே சாம்பல் தூவினாற்போல் பூசணம் படர்ந்திருந்தது.

துடைத்து எண்ணெய் இட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் என்பது மகனின் கட்சி. செத்த மாட்டின் தோலை வீட்டிற்குள் வைத்துத் தடவிக் கொடுப்பதாவது, குப்பையில் போடு என்பது தாயின் கட்சி.

"அண்ணா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றாள் தங்கை.

சிறுவன் முந்திக்கொண்டான். "மாமா, இதைத் தூக்கி எறிந்துவிட்டால் அந்த மாட்டிற்கு உயிர் திரும்பி வந்துவிடுமா? எறிந்துவிட்டு நான் புதிதாகத்தானே வாங்க வேண்டும்? அப்போது இன்னொரு மாடு அல்லவா போகும்?"

யாம் அறநூற் சொற்களைத் திரட்டிக்கொண்டு வாய் திறப்பதற்குள் அவன் பார்வை எம் இடுப்பில் விழுந்தது. "அது மட்டும் என்ன, மாமா?" என்று கேட்டான்.

பதினைந்து ஆண்டுகளாக யாம் கட்டியிருக்கும் தோல் வார் அது. ஜினாலயத்தின் வாயிலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வோம். வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்வோம். நாளில் அரைமணி நேரம் தீட்டு எனக் கருதிய பொருளை எஞ்சிய நேரமெல்லாம் உடலோடு இறுக்கிக் கட்டியிருக்கிறோம். அச்சிறுவனின் வினாவிற்கு முன் எம் புலமை நாணிற்று.

வினை எங்கே ஒட்டுகிறது?

இனி, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஆகம நெறியில் நின்று ஆராய்வோம். தீவினை செய்பவனை மட்டும் பற்றுவது அன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் கிருதம், காரிதம், அனுமோதனம் என நம் ஆசாரியர் வகுத்தனர். எண்ணுதல், அதற்கு ஆவன திரட்டல், தொடங்கல் என்னும் மூன்று நிலைகள். மனம், சொல், உடல் என்னும் மூன்று வாயில்கள். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று முறைகள். கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்கள். இவற்றைப் பெருக்கினால் 108 வருகிறது. உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம் வினை வரும் வழிகளை இவ்வாறு கணக்கிட்டுக் காட்டுகிறது. நாம் உருட்டும் செபமாலையில் 108 மணிகள் இருப்பதற்கும் இக்கணக்கையே காரணமாகச் சொல்லும் பெரியோர் உண்டு.

இக்கணக்கின்படி, புதிய தோற்பொருளை விலை கொடுத்து வாங்குபவன் நிலை தெளிவானது. அவன் கத்தி எடுக்கவில்லை. ஆயினும் அவன் கொடுக்கும் காசு கத்தியைக் கூராக்குகிறது. இறைச்சிக்காகக் கொன்ற விலங்கின் தோல்தானே, அது வீணாகப் போவதற்கு நாம் பயன்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்பர். இறைச்சி விற்பவன் தோலையும் விலைக்கு விற்கிறான். தோலுக்கு விலை இருப்பதால் விலங்கின் விலை கூடுகிறது. அதனால் அத்தொழிலின் ஊதியமும் கூடுகிறது. வாங்குவோர் இருப்பதாலேயே விற்போர் உளர் என்னும் தொடர்பைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் நெடுங்காலத்திற்கு முன்பே எடுத்துக்காட்டிவிட்டது. புலாலுக்குச் சொன்னது தோலுக்கும் பொருந்தும்.

தானே இறந்த விலங்கின் தோல் என்றால் குற்றம் இல்லையே என்பது அடுத்த வாதம். இவ்வாதத்தை உலகறியச் செய்தவர் அண்ணல் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் அவர் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தம் அரசியல் எதிரியாகிய ஸ்மட்ஸ் என்பாருக்கு 1914இல் ஓர் இணைச் செருப்பைப் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல ஆண்டுகள் போற்றி வைத்திருந்து 1939இல் திருப்பி அனுப்பினார். இந்தியா திரும்பிய பின், இயற்கையாய் இறந்த மாட்டின் தோலை மட்டுமே பதனிடும் முயற்சியை வார்தாவிற்கு அருகிலுள்ள நாலவாடியில் காந்தியடிகள் ஊக்குவித்தார். கொலையின் பங்கை அது பெரிதும் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் ஆசாரியர் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றனர். தானே இறந்த எருமையின் ஊனிலும் நுண்ணுயிர்கள் கணக்கின்றித் தோன்றுவதால் அதிலும் இம்சை உண்டு என்று புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர சூரி கூறுகிறார். தோற்பையில் வைத்த நீரையும் எண்ணெயையும் நெய்யையும் கொள்வது புலால் மறுத்த சிராவகனின் விரதத்திற்குக் குறை என 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாதரர் தம் சாகார தர்மாமிர்தத்தில் எழுதினார். ஆக, தாயின் அருவருப்பு வெறும் பெண்மனத்தின் கூச்சம் அன்று. அதன் பின்னே பல நூற்றாண்டுச் சிந்தனை நிற்கிறது.

மகனின் வாதம் வேறு. அவன் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவுமில்லை. பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பேணுவதால் கிருதமும் இல்லை, காரிதமும் இல்லை. எஞ்சி நிற்பது அனுமோதனம் ஒன்றே. துடைத்து எண்ணெய் இடும் கை, அக்கொலைக்கு உடன்படுகிறதா, இல்லையா? வழக்கின் உயிர்நிலை இதுவே.

பாட்டனாரின் கவலை

இவ்விடத்தில் எம் இளமை நினைவு ஒன்று உதவுகிறது. செஞ்சி வட்டாரத்தில் எம் பாட்டனார் உழுதுண்டு வாழ்ந்தவர். கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கவலை கட்டுவார். இரும்புச் சாலின் அடியில் தோலாலான நீண்ட குழாய் தொங்கும். மாடுகள் பின்னோக்கி வந்து சால் இறங்கும். முன்னோக்கிச் சென்றால் நீர் ஏறி, அக்குழாய் வழியே வாய்க்காலில் கொட்டும். நெல்லும் கேழ்வரகும் அந்நீரில்தான் விளைந்தன. கடுகளவு உயிரையும் வருத்த அஞ்சியவர், மாட்டை அடிக்கக் கோல் எடுக்காதவர், மாட்டுத்தோலால் இறைத்த நீரில் விளைந்ததை உண்டார். நம் சமூகத்து உழவர் பலருடைய கதையும் இதுவே.

இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்த நம் நெறி, வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தான் முற்றிலும் விடவேண்டும் என்றும், வீட்டு வேலையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் மற்றவற்றை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. பாட்டனாரின் தோற்குழாய் உத்யோகியின்பாற் படும். அவர் அதனை மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ஒன்று செய்தார். இறைப்பு ஓய்ந்த மாதங்களில் அக்குழாயைக் கழுவி, நிழலில் உலர்த்தி, புங்க எண்ணெய் தடவி, காற்றாடத் தொங்கவிடுவார். "இது கிழிந்தால் இன்னொன்று வாங்க வேண்டும், அந்தப் பாவம் எத்தனை நாள் தள்ளிப்போகிறதோ அத்தனை நாள் நல்லது" என்பார். பிற்பாடு மின்சார இறைப்பான் வந்தபோது ஊரில் பிறர் உழைப்பு மிச்சமானதற்கு மகிழ்ந்தனர். அவரோ தோற்குழாய் போயிற்று என்று மகிழ்ந்தார். கவலை போனதால் கவலையும் போயிற்று என்று அவர் சிரித்தது இன்றும் எம் செவியில் இருக்கிறது.

திண்ணையில் எம் மருமகன் செய்ய முனைந்ததும் பாட்டனார் செய்ததும் ஒரே செயல். வேறுபாடு, ஒருவருக்கு அது பிழைப்பு, மற்றவனுக்கு அது விளையாட்டு என்பதே. இவ்வேறுபாடு சிறிதன்று. பிழைப்பிற்கு நேர்ந்த குறையைப் பொறுத்துக்கொள்ளும் அறம், பொழுதுபோக்கிற்கு அதே அளவு இடம் தராது. ஆதலால் விளையாட்டுக் கருவி விஷயத்தில் நாம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஒரு தோல் கடந்து வந்த வழி

கையில் உள்ள பொருளின் வரலாற்றை அறியாமல் அதைப் பற்றி அறம் பேசுவது முறையன்று. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க உப்பிடுவர். பச்சைத் தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்புத் தேவைப்படும். மரக்காணத்துச் சாலையில் நாம் காணும் வெண்குவியல்களைப் போன்ற உப்பே எங்கோ ஒரு தோல் மண்டியில் பச்சைத் தோலின் மேல் கொட்டப்படுகிறது. பின்னர் அவ்வுப்பு கழுவப்பட்டு நீரோடு வெளியேறுகிறது. அடுத்துச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்குவர். அதன்பின் பதனிடல். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு, வடாற்காட்டுப் பகுதி ஆகியவற்றில் இவ்வாறு பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கடல் கடந்து சென்றது. குரோமிய உப்பால் பதனிடும் முறை பின்னர் பரவிற்று. அது விரைவானது, தோலை மென்மையாக்குவது. கிரிக்கெட் பந்தின் தோல் பெரும்பாலும் படிகாரத்தால் பதனிடப்படுவது.

இதன் விலையை மாடு மட்டும் கொடுக்கவில்லை. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் கிணறுகள் உவர்த்தன, விளைநிலங்கள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்றது அத்தீர்ப்பால். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. ஆற்றில் வாழ்ந்த உயிர்கள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. தோலைப் பதனிடுபவரையும் பறை கட்டுபவரையும் செருப்புத் தைப்பவரையும் தமிழுலகம் ஊருக்கு வெளியே வைத்தது. அவர் கையால் ஆன பொருளை மட்டும் ஊருக்குள் கொண்டுவந்தது. நம் ஜினாலயத் திருவிழாவில் முழங்கும் மேளத்தின் முகமும் தோல்தான். பொருளை ஏற்று, அதைச் செய்தவரை இழித்தல் இம்சையின் மற்றோர் உருவம். எவரையும் பிறப்பால் தாழ்த்தாத அருகன் நெறியினர் இதில் குற்றமற்றோர் என்று சொல்லிக்கொள்ள இயலுமா என்பதை அவரவர் நெஞ்சே கூறட்டும்.

எண்ணெய்க் குப்பியில் ஒளிந்த வதை

அன்று மாலை மருமகன் பட்டணத்துக் கடையில் வாங்கிவந்த குப்பி ஒன்றைக் காட்டினான். தோலுக்கு இடும் எண்ணெய் என்று எழுதியிருந்தது. உட்பொருள்களைப் படித்தபோது நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்னும் பெயர் இருந்தது. அது மாட்டின் கால் எலும்புகளையும் பாதங்களையும் காய்ச்சி எடுப்பது. இதை அவனுக்கு விளக்கியபோது சிறுவன் முகம் வாடிற்று. பழைய மாட்டைக் காக்கப் புதிய மாட்டை வாங்கி வந்திருக்கிறான்! தோலைப் பேணும் பசைகள் பலவற்றில் விலங்குக் கொழுப்பும், மிங்க் என்னும் சிறு விலங்கின் கொழுப்பும், தேன்மெழுகும் கலந்திருக்கும். தோல் துடைக்கும் சவர்க்காரங்கள் சிலவும் கொழுப்பால் செய்யப்படுவன. ஆகவே, பேணுதல் என்ற பெயரில் புதிய இம்சை நுழையும் வாயில் இதுவே. இதை அடைக்காமல் பழம்பொருளைக் காப்பதாகப் பேசுவது வீண்.

இரண்டாவது வாயில் பூசணம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் தோலில் பூசணம் பிடிக்கும். கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அந்த அளவு எளிதில் கடந்துவிடும். ஈரமும் அழுக்கும் சேருமிடத்தில் நிகோத உயிர்கள் பெருகும் என எச்சரித்தவர் நம் முன்னோர். பூசணம் படர்ந்தபின் துடைப்பதும் அவ்வுயிர்களை அழிப்பதே. படராமல் காப்பதே அகிம்சை. மழைக்காலத்தில் உயிர்கள் மிகுதியாகத் தோன்றும் என்று முனிவர்கள் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசியம் நோற்பதும் இக்கருத்தினாலேயே. முன்கூட்டியே விழிப்போடு நடத்தல்தான் யத்தனாசாரம். பின்னர்க் கழுவாய் தேடுவது அதனினும் தாழ்ந்தது.

ஆதலால், வந்து சேர்ந்த பழந்தோலைப் பேணுவதாயின் அதன் முறை இது. புரட்டாசி வெயில் உள்ளபோதே தூசியை உலர்ந்த மென்துணியால் துடைக்கவேண்டும். அழுக்கு மிகுந்தால், தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தில் சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மறுதுணியால் ஒற்றியெடுக்க வேண்டும். நீரில் முக்கலாகாது. படிகாரத்தால் பதனிட்ட கிரிக்கெட் பந்தை நனைத்தாலே படிகாரம் கரைந்து தோல் விறைத்துவிடும். வெயிலிலோ அடுப்போரத்திலோ காயவைத்தால் நார்கள் சுருங்கி வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட வேண்டும். கையுறைக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் வியர்வை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நன்கு உலர்ந்தபின் விளக்கெண்ணெயோ புங்க எண்ணெயோ சில துளிகள் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, ஓரிரவு விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறை போதும். மிகுதியாக இட்டால் நார்கள் தளரும், தூசி ஒட்டும், பூசணத்திற்கு அதுவே விருந்தாகும். கிரிக்கெட் மட்டைக்கு இடும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும் இயல்புடையது, தோலுக்கு ஆகாது. தொட்டால் செந்தூளாக உதிரும் தோலுக்கு எந்த எண்ணெயும் உயிர் தராது. அதன் காலம் முடிந்தது என்று ஒப்புக்கொள்ளலே முறை.

அளவோடு இடு என்ற இவ்வறிவுரையில் அறம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. பழுதுபடாமல் காப்பது வேறு. பளபளப்பிற்காகத் தேய்த்துத் தேய்த்து மகிழ்வது வேறு. முன்னது சிக்கனம். பின்னது பரிக்கிரகம். "எவ்வளவு அழகான தோல்!" என்று மனம் வியக்கும் நொடியில் அனுமோதனம் உள்ளே நுழைந்துவிடுகிறது. "இது ஓர் உயிர் உடுத்திருந்தது" என்று மனம் நினைக்குமளவும் அது வெளியே நிற்கிறது. கை செய்வது ஒன்றே. மனம் நிற்குமிடத்தைப் பொறுத்து வினை மாறுகிறது.

ஆட்டத்திற்குத் தோல் இன்றியமையாததா?

தோல் இன்றி விளையாட்டு இல்லை என்பார்க்கு வரலாறே விடை கூறும். மழையில் நீரை உறிஞ்சிக் கனத்துப்போன தோற்பந்துகளால் உலகம் நெடுங்காலம் கால்பந்து ஆடிற்று. 1986ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில், ஆஸ்டெகா என்னும் முழுதும் செயற்கைப் பொருளாலான பந்து முதன்முதலாகப் பயன்பட்டது. ஆட்டம் குன்றவில்லை, வளர்ந்தது. செயற்கைப் பொருளும் குற்றமற்றதன்று. அது பாறை எண்ணெயிலிருந்து பிறப்பது. மட்காமல் மண்ணையும் கடலையும் துன்புறுத்துவது. ஆயினும் அறிந்தே ஓர் ஐம்பொறி உயிரின் தோலை உரித்தலினும் குற்றம் குறைந்தது.

தோல் மட்டும் அன்று. பூப்பந்தாட்டத்தின் இறகுப்பந்தில் 16 வாத்து இறகுகள் உள்ளன. நம் முனிவர் ஏந்தும் பிஞ்சியும் இறகால் ஆனதே. ஆனால் அது மயில் தானே உதிர்த்த பீலி. இறகு ஒன்றேயாயினும் வந்த வழி வேறு. நைலான் இறகுப்பந்து எளிதில் கிடைக்கும்போது பயிற்சிக்கு அதுவே போதும். இடையஞ்சாவடிச் செம்மண் திடலில் ஊர்ச் சிறுவர்கள் நாள்தோறும் ஆடும் கிரிக்கெட்டும் ரப்பர்ப் பந்தால்தான் நடக்கிறது. தோற்பந்து அவர்களுக்குக் கிடைத்தற்கரியது. வறுமையால் அவர்கள் கடைப்பிடிக்கும் அகிம்சையை நாம் அறிவால் கடைப்பிடிக்கலாகாதா?

எமது தீர்ப்பு

அநேகாந்த நெறி, ஒரு பொருளைப் பல நயங்களால் நோக்கச் சொல்கிறது. தோலைக் கண்டு கூசும் தாயின் உள்ளம் உண்மையுடையது. அக்கூச்சம் மழுங்கிவிட்டால் நம் குடிப்பிறப்பிற்குப் பொருள் இல்லை. எறிவதால் எவ்வுயிரும் மீளாது, எறிந்துவிட்டு வாங்குவதால் இன்னோர் உயிர் போகும் என்னும் மகனின் கணக்கும் உண்மையுடையது. இரண்டையும் ஏற்று யாம் கண்ட முடிவு இது.

பழந்தோலைப் பேணலாம், நான்கு வரையறைகளுக்கு உட்பட்டு. விலை கொடுத்து வாங்கியதாய் இருத்தலாகாது. முன்னமே வாங்கியதாயின் இனி வாங்குவதில்லை என்னும் உறுதி வேண்டும். அதைப் பேணுவதால் ஒரு புதிய தோற்பொருளை வாங்குவது உண்மையாகவே தவிர்தல் வேண்டும். பேணுவதற்கு இடும் பொருளில் விலங்கின் பங்கு சிறிதும் இருத்தலாகாது. அதன் வாழ்நாள் முடிந்ததும் அதன் இடத்தைத் தோல் அல்லாத பொருளே நிரப்ப வேண்டும். இந்நான்கில் ஒன்று தவறினாலும் தாயின் சொல்லே வெல்லும்.

யாம் இதனைக் கூறி முடித்தபோது தங்கை, "பூசை அறைப் பக்கம் மட்டும் வரக்கூடாது" என்று நிபந்தனை ஒன்றைச் சேர்த்தாள். மருமகன் ஒப்புக்கொண்டான். தோட்டத்துக் கொட்டகையில் கயிறு கட்டி அக்கருவிகளைத் தொங்கவிட்டான். கிரிக்கெட் பந்து ஒன்று தொட்டதும் தூளாயிற்று. அதைச் செம்மண்ணில் குழி தோண்டிப் புதைத்தான். யாரும் சொல்லாமலே சிறிது நேரம் அங்கு நின்றான். கடைக்குப்பியை என்ன செய்வது என்று கேட்டான். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வா என்றோம். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "போனால் போகட்டும், மாமா, அவர் கேட்டுக்கொண்டார்" என்று பின்னர்த் தொலைபேசியில் சொன்னான்.

எம் இடுப்பு வாரைப் பற்றி அவன் கேட்ட வினா எஞ்சியிருக்கிறது. அன்றே கழற்றி எறிந்திருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். யாம் எறியவில்லை. அது அறும்வரை கட்டுவோம். அற்றபின் துணி வாரே. ஆயினும் இதில் ஒரு தந்திரம் மறைந்திருக்கக்கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பழையதைப் பேணுகிறேன் என்பது, பழக்கத்தை விட மனமில்லாதவன் சொல்லும் சாக்காகவும் இருக்கலாம். அறம் எது, சாக்கு எது என்பதை வெளியார் எவரும் கூற இயலாது. அது அவரவர் தனியே நின்று காணவேண்டியது.

பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் அசுசி என்பது ஒன்று. தோல் போர்த்த இவ்வுடலின் தூய்மையின்மையை எண்ணுதல் அது. காலையில் வாரைக் கட்டும்போது இப்போதெல்லாம் எமக்கு அச்சிந்தனை வருகிறது. கட்டும் கையின் மேலும் தோல், கட்டப்படுவதும் தோல். ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது; மற்றொன்றை அதன் உரியவனிடமிருந்து எவரோ பறித்தனர். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு வலியால் ஆனது. அந்த வலியை நினைவிற் கொண்டு நடக்கும் நாளில் வாங்குவதும் பேணுவதும் விடுவதும் தாமே நெறிப்படும்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய பழம்பொருள் ஏதேனும் மூலையில் கிடக்கக்கூடும். மழை வருமுன் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அருகில் உங்கள் பிள்ளையையும் அமர்த்திக்கொள்ளுங்கள். அது கேட்கும் வினாவிற்கு விடை தேடும் பொறுப்பு இருவருக்கும் பொது.

கொல்லாமை ஓங்குக! அருகன் அறம் வாழ்க!